வீட்டுத் தென்னையும் ஆன்டெனாவும்: அலை எவ்வளவு, ஆணி எவ்வளவு?

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் கடை வரிசை மொட்டை மாடியில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று எழும்புகிறது. ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பின்புறத் தென்னையில் குரும்பை கொட்டுகிறது. பழி நேரே கோபுரத்தின் மேல் போய் விழுகிறது. தெருவில் யாராவது ஹேம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலி நிலையம், வைத்திருந்தால் அவருக்கும் அதே கதிதான். மலேசியாவின் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கோலாலம்பூர்ப் புறநகர்களிலும் இந்தப் பேச்சு ஓயாமல் எழுகிறது. பத்து ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் வாடும்போது காரணம் தேடுவது இயல்பு. ஆனால் தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் உண்மையான காரணம் உள்ளே இருந்து மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வீட்டருகே இருக்கும் ஆன்டெனாவின் அலைக்குத் தென்னையையோ முந்திரியையோ சாதிக்காயையோ வாட்டும் வலு இல்லை. ஆன்டெனா கட்டுகிறோம் என்று நாம் செய்கிற வேலைகளுக்கு அந்த வலு உண்டு. ஆணி அடிப்பது, கம்பி சுற்றுவது, பள்ளம் தோண்டுவது, எர்த்துக்கு உப்பு கொட்டுவது, மட்டை வெட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி.

முதலில் அலையின் கணக்கு. ஆன்டெனா ஒரு திசையில் செலுத்தும் வலுவை வாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் இருக்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 12.57ஆல் பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பில் எத்தனை வாட் விழுகிறது என்று தெரிந்துவிடும். 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் செலுத்தும் ஹேம் நிலையம், சாதாரண டைபோல் (நடுவில் இணைத்து இரு பக்கமும் நீட்டிய கம்பி) ஆன்டெனா, மரம் 10 மீட்டர் தூரத்தில் என்று வைப்போம். டைபோல் தன் நேர்த்திசையில் வலுவை 1.64 மடங்காக்கும். 164ஐ 1257ஆல் வகுத்தால் 0.13 வாட். அதுவும் ஒலிபரப்பும் நேரத்தில் மட்டும்தான். ஹேம்காரர் பெரும்பாலான நேரம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், அப்போது அலை எதுவும் வெளியே போவதில்லை.

கைப்பேசிக் கோபுரத்தின் ஒரு பலகை ஆன்டெனாவுக்கு 40 வாட் கொடுத்து, அது ஒரே பக்கம் குவித்து 50 மடங்காக்குகிறது என்று வைத்தால் 2000 வாட். 50 மீட்டர் தூரத்தில், கற்றை நேராகப் படும் இடத்தில், சதுர மீட்டருக்கு 0.064 வாட். கற்றை ஏறக்குறையக் கிடைமட்டமாக, சில பாகை மட்டும் கீழ்நோக்கிச் செல்வதால் கோபுரத்தின் காலடியில் நிற்கும் மரத்துக்கு இதைவிடவும் மிகக் குறைவு. நடுப்பகல் வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட்டைக் கொட்டுகிறது. இலை சூடாகிக் கருகுமா என்ற கேள்வி இந்த எண்களோடு முடிந்துபோகிறது.

சூடு தவிர வேறு வழியில் பாதிக்கலாமே என்றால், அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இளம் ஸ்ப்ரூஸ், பீச் மரங்களின் மேல் மூன்றரை ஆண்டுக்காலம் 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையைப் பாய்ச்சினார்கள். முடிவுகள் 1996இல் வெளிவந்தன. சதுர மீட்டருக்கு 0.007 வாட்டில் தொடங்கி 300 வாட் வரை வெவ்வேறு கன்றுகளுக்கு வெவ்வேறு அளவு. 300 வாட் என்பது மேலே கணக்கிட்ட கோபுர அளவைப்போல 4000 மடங்குக்கும் மேல். அலையால் வந்தது என்று சொல்லும்படி வளர்ச்சிக் குறைவோ கண்ணுக்குத் தெரியும் நோய்க்குறியோ இல்லை. பீச் இலைகளில் கால்சியமும் கந்தகமும் மட்டும் சற்றுக் குறைந்திருந்தன.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். லாட்வியாவின் ஸ்க்ருண்டாவில் சோவியத் கால ஏவுகணை எச்சரிக்கை ராடார் ஒன்று 154 முதல் 162 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதைச் சுற்றியிருந்த பைன் மரங்களின் ஆண்டு வளையங்கள் 1970க்குப் பிறகு குறுகியிருந்ததாக ஆய்வாளர்கள் 1996இல் எழுதினார்கள். ஆனால் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வரும் ஏவுகணையைக் கண்டுபிடிக்கக் கட்டிய ராடார். தாமானில் நிற்கும் கோபுரத்தோடு அதை ஒப்பிட முடியாது. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப மிச்சிகன் காடுகளுக்குள் 90 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து, 76 ஹெர்ட்ஸில் ஓட்டியது. 2004 வரை அது இயங்கியது. அதன் அருகே மரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்தபோது ஆஸ்பென், சிவப்பு மேப்பிள் ஆகியவற்றின் தண்டு வளர்ச்சி சற்று கூடியே இருந்தது. நெதர்லாந்தில் 2010இல் வைஃபையால் மரங்கள் நோயுறுகின்றன என்று வந்த செய்தி உலகமெங்கும் சுற்றியது. ஒரு சிறிய சோதனையை வைத்து எழுந்த அந்தப் பேச்சிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று அந்நாட்டு ஆன்டெனா விவகாரத் துறையே அறிவித்தது. அந்த அறிவிப்பு செய்தி போன தூரம் போகவில்லை.

அலை நேரடியாக இலையைச் சுடும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. கம்பியின் நுனி. அரை அலைநீளக் கம்பியின் இரு நுனிகளிலும் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். இப்போது பலரும் விரும்பிப் போடும், ஒரு முனையில் மட்டும் இணைக்கும் அரை அலைக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 49க்கு 1 என்ற விகிதத்தில் மின்தடையை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 100 வாட் போகும்போது நுனியில் ஏறக்குறைய 500 வோல்ட் நிற்கும். தென்னையின் ஈர ஓலை அதைத் தொட்டால் தொட்ட இடத்தில் விரல் நகம் அளவுக்குப் பழுப்பாகக் கருகும். ஓரம் கறுத்து நடுவில் சிறு ஓட்டை விழும். மரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. நிலையத்துக்குத்தான் தொல்லை: மழை பெய்யும்போதெல்லாம் நிலையலை விகிதம் (ஆன்டெனா ஏற்காமல் திரும்பும் அலையைக் காட்டும் அளவு) எகிறும், டிரான்ஸ்மிட்டர் தானே வலுவைக் குறைத்துக்கொள்ளும். நுனியை ஓலையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி நிறுத்தி, இடையில் முட்டை வடிவ இன்சுலேட்டரும் பாலியெஸ்டர் கயிறும் போட்டால் இரண்டும் தீரும். கம்பியை மட்டைக் காம்பிலேயே நேராகக் கட்டுவது கூடாது.

இனி ஆணிக்கு வருவோம். இதில் தென்னை வேறு, முந்திரி வேறு. முந்திரி, சாதிக்காய், கெத்தாபாங் என்கிற நாட்டு வாதுமை எல்லாம் பட்டைக்கு அடியில் வளர்படலம், அதாவது தண்டைப் பருக்க வைக்கும் திசு, உள்ள மரங்கள். தண்டு ஆண்டுதோறும் பருக்கும். அவற்றில் கம்பியையோ நைலான் கயிற்றையோ இறுகச் சுற்றினால், பருக்கும் தண்டு அதில் போய் நெரிபடும். இலையில் செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அடைபட்டுக் கட்டுக்கு மேலே தண்டு வீங்கும், வேர் பட்டினி கிடக்கும். ஓரிரண்டு ஆண்டில் அந்தக் கிளையோ மரமோ போய்விடும். ஆணி அடித்த காயத்தையோ இவை சுற்றிலும் புதுத் திசு வளர்த்து மூடிக்கொள்ளும்.

தென்னைக்கு அந்த வளர்படலமே கிடையாது. தண்டு பருக்காது என்பதால் கயிறு நெரிக்காது. ஆனால் ஆணி போட்ட ஓட்டை மரம் உள்ளளவும் ஆறாது. மழைநீர் இறங்கி உள்ளே அழுகும். அந்த வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்துகொண்டு போவது வெளியே தெரியாது. ஓட்டையிலிருந்து பழுப்பு நிறச் சாறு வழிவதும், மென்ற நார் வெளியே தள்ளப்படுவதும், காதை வைத்தால் உள்ளே நறநறவென்ற ஓசையும்தான் அடையாளம். தென்னைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. புழு அதை எட்டினால் மரம் முடிந்தது. ஆன்டெனா வந்த இரண்டாம் ஆண்டில் தென்னை பட்டுப்போனது என்று யாராவது சொன்னால், தண்டில் ஆணியும் கொக்கியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

மரத்தில் கட்டியே ஆக வேண்டும் என்றால் மூன்று விரல் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டையால் கட்டுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே விரல் தடிமனில் மரச்சட்டம் நான்கைந்து செருகினால் தண்டு உராயாது. முந்திரியிலும் சாதிக்காயிலும் ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். மரம் காற்றில் ஆடும். கம்பியை இரு முனையிலும் முறுக்கிக் கட்டினால் ஒன்று கம்பி அறும், இல்லை கிளை கிழியும். ஒரு முனையில் கப்பி போட்டு, கயிற்றின் நுனியில் எடை தொங்கவிடுவதுதான் சரி. 5 லிட்டர் சமையல் எண்ணெய்ப் பாட்டில் நிறையத் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ. 20 மீட்டர் செப்புக் கம்பிக்கு அது போதும். முந்திரிக் கிளை எளிதில் முறியும், அதனால் அடிக்கிளையின் கவட்டில்தான் கப்பி. தென்னையைப் பொறுத்தவரை என் கருத்து, அதை ஆன்டெனாக் கம்பமாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். மாதத்துக்கு ஒரு மட்டை காய்ந்து விழும், விழும்போது கம்பியையும் இழுத்துக்கொண்டுதான் போகும். 10 மீட்டர் ஃபைபர் கழி ஒன்று வாங்கி நட்டால் மரமும் தப்பும், கம்பியும் தப்பும்.

தரைக்குக் கீழே நடக்கும் சேதம் இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. செங்குத்து ஆன்டெனாவுக்குத் தரைக்கம்பிகள் வேண்டும். 16 கம்பி, ஒவ்வொன்றும் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிறிய பின்புறம் முழுக்கக் கோடாகப் பள்ளம் வெட்ட வேண்டிவரும். தென்னையின் உணவு வேர்களில் பெரும்பங்கு அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள், மேல்மண்ணில் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் மண்வெட்டி இறங்கக் கூடாது. பள்ளமே தேவையில்லை: புல்லை ஒட்ட வெட்டி, கம்பியைத் தரையோடு விரித்து, யு வடிவக் கொக்கிகளால் அரை மீட்டருக்கு ஒன்றாக அழுத்திவிட்டால், நம் ஊர் மழைக்குப் புல் விரைவில் அதை மூடிக்கொள்ளும். ஆன்டெனாவும் அதே அளவு நன்றாக வேலை செய்யும்.

எர்த் தண்டுக்கு மண்ணின் மின்தடையைக் குறைக்க உப்பும் கரியும் கொட்டுவது பழைய வழக்கம். சமையல் உப்பு மழையில் கரைந்து வேர்ப் பகுதிக்குப் போகும். தென்னை ஓரளவு தாங்கும். சாதிக்காய் தாங்காது, இலை நுனியும் ஓரமும் கருகிக்கொண்டே உள்நோக்கி வரும். பார்ப்பதற்கு ஏதோ கதிர் சுட்டதைப் போலவே இருப்பதால் பழி ஆன்டெனாவுக்குப் போய்விடுகிறது. உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண் போடுங்கள். எர்த் தண்டை அடிமரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இறக்குங்கள். அதேபோலக் கம்பத்துக்குக் கான்கிரீட் போடும் அன்று வாளியும் கரண்டியும் கழுவிய சிமென்ட் தண்ணீரை மரத்தடியில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கடும் காரம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல், புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வரும்.

மின்னலையும் சொல்லாமல் விட முடியாது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி முழங்குகிறது. உயர்ந்து நிற்கும் தென்னையும் அதை ஒட்டிய உலோகக் கம்பமும் சேர்ந்தால், மரத்தில் இறங்கிய மின்னல் பக்கவாட்டில் கம்பத்துக்குத் தாவும். கம்பத்தில் இறங்கியது மரத்துக்கும் தாவும். மின்னல் பட்ட தென்னையின் அடையாளம் தெளிவானது: பச்சை மட்டைகள் ஒருசேரத் தொங்கும், குலைகள் மொத்தமாகக் கொட்டும், தண்டிலிருந்து சாறு வழியும், அடுத்த சில வாரங்களில் பக்கத்துத் தென்னைகளும் ஒவ்வொன்றாக வாடும். கம்பத்துக்கும் மரத்துக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். கம்பத்தின் எர்த்தை வீட்டு எர்த்தோடு இணையுங்கள். இடி கேட்பதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். பட்டுப்போன தென்னையை வெட்டினால் தண்டைப் பின்புறத்தில் கிடக்க விடாதீர்கள். அழுகும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு பெருகும். திறந்தவெளியில் எரிப்பது மலேசியாவில் குற்றம் என்பதால் துண்டு போட்டு ஏற்றி அனுப்புவதே வழி.

இப்போது கோபுரத்தின் மேல் விழும் பழியைச் சரிபார்க்கும் வழிகள். தென்னையில் ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை. அந்தப் பாளை வெளியே தெரிவதற்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்பே அது குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம். ஆக, இன்று குலை சிறுத்திருந்தால் அதன் காரணம் மூன்று ஆண்டு முன்பு அடித்த வறட்சியிலும் இருக்கலாம். சென்ற ஆண்டு வந்த கோபுரத்தை அதற்குக் குற்றவாளியாக்க முடியாது.

தண்டையே படிக்கலாம். விழுந்த மட்டை ஒவ்வொன்றும் தண்டில் ஒரு வளைய வடுவை விட்டுப் போகிறது. நன்றாக வளரும் மரத்தில் ஆண்டுக்கு 12 முதல் 14 வடு. கொண்டையில் 30, 35 மட்டை இருந்தால், மிகக் கீழே உள்ள பச்சை மட்டை விரிந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டு வாருங்கள். வடுக்கள் நெருங்கி, தண்டு ஒடுங்கியிருக்கும் இடம் மரம் துன்பப்பட்ட காலம். தென்னந்தண்டு பிறகு பருப்பதில்லை என்பதால் அந்த ஒடுக்கம் அழியாமல் நிற்கும். அந்த ஒடுக்கம் கோபுரத்துக்கு முந்திய வடுக்களில் இருந்தால் கோபுரத்தின் பெயரை விட்டுவிடலாம்.

குரும்பை கொட்டுவதற்குப் பெரும்பாலும் பொட்டாஷ் குறைவு, போரான் குறைவு, அல்லது வறண்ட மாதங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி ஒவ்வோர் ஆண்டும் உண்டு. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், இரண்டு தவணையாக, அடிமரத்திலிருந்து 1.5 மீட்டர் சுற்றி வட்டமாகத் தூவி மண்ணால் மூடுங்கள். 50 கிராம் போராக்ஸ் ஒரு தவணையோடு சேரலாம். அதற்கு மேல் போட்டால் போரானே நஞ்சாகும். ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல் விரிந்தால் காண்டாமிருக வண்டு. கன்றுக்கும் இளமரத்துக்கும் உச்சியின் மூன்று மட்டை இடுக்கில் இடுக்குக்கு ஒரு நாப்தலின் உருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் வண்டு அண்டாது. காம்புப் பக்கம் வட்ட ஓட்டையோடு விழும் இளங்காய் எலி அல்லது அணில் வேலை.

முந்திரிக்குப் பூக்க வறட்சி வேண்டும். அதனால்தான் பினாங்கில் ஓரளவு காய்க்கும் மரம் ஆண்டு முழுக்க நனையும் கோலாலம்பூரில் தழைத்தும் காய்ப்பதில்லை. பூங்கொத்து தீப்பட்டதைப் போலக் கருகினால் தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தேடுங்கள். அது சாறு உறிஞ்சிய இளந்தண்டில் கரும்புள்ளிகள் நீளவாக்கில் இருக்கும்.

சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வந்த மரம் பூக்க ஆறேழு ஆண்டு ஆகும், பிறகுதான் எது என்று தெரியும். பினாங்குத் தீவின் பாலிக் பூலாவிலிருந்து கன்று வாங்கி வைத்தேன், கோபுரம் வந்ததால் காய்க்கவில்லை என்பவர்களின் மரம் பலமுறை ஆண் மரமாகவே இருக்கும். பூவை இரண்டாகக் கீறிப் பாருங்கள்: நடுவில் மகரந்தத் தூண் இருந்தால் ஆண், பருத்த சூலகம் இருந்தால் பெண். பெண் மரம் வேண்டுமென்றால் ஒட்டுக் கன்றுதான் வாங்க வேண்டும். பினாங்கின் பெரிய சாதிக்காய்த் தோட்டங்கள் 1860களில் நோயால் அழிந்தன. வானொலி பிறக்கப் பல ஆண்டு முன்பே அது நடந்துவிட்டது.

கெத்தாபாங் ஆண்டுக்கு இரண்டு முறை இலை சிவந்து கொட்டும், அது அதன் சுபாவம். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் கருகினால், அந்தப் பக்கம் கோபுரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் ஏர்கான் வெளிப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை வீடுகளில் அந்தப் பெட்டியின் வெந்த காற்று நேரே பின்புறச் செடிகள் மேல்தான் அடிக்கிறது.

ஆன்டெனாவால் காய் குறைவது நிச்சயமாக நடக்கும் ஓர் இடம் உண்டு: தொலைக்காட்சியில் படம் தெளிவாக வர வேண்டும் என்று பச்சை மட்டையை வெட்டுவது. மட்டை போனால் அது தாங்கும் குலை சரியும், குலைக்குப் போகும் உணவும் குறையும். ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் டிஷ்ஷுக்காக இப்படி வெட்டுகிறார்கள், ஆனால் தேவையே இல்லை. ஆஸ்ட்ரோவை ஒளிபரப்பும் மீசாட் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பார்த்தால் தென்மேற்குப் பக்கமாகத் தரையிலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. மரம் டிஷ்ஷைவிட 12 மீட்டர் உயர்ந்திருந்தாலும், ஓலை நுனியிலிருந்து 3 மீட்டர் தள்ளி டிஷ்ஷை வைத்தால் வழி திறந்துவிடும். மரத்துக்குத் தென்மேற்குப் பக்கம் வைத்தால் அந்த 3 மீட்டர்கூட வேண்டாம். கொண்டைக்கு அடியில் வராமல் இருந்தால் போதும்.